சவூதியில் உழைக்கும் மையித்து

இறந்து இருபத்திரண்டு வருடமான ஒரு மனிதர் சவூதியில் உழைத்துக்கொண்டிருந்தார். அரசாங்கக் கடுதாசி அப்படித்தான் சொன்னது.

றுமைஸா அந்தக் கடுதாசியை என் த்ரீவீலின் பின் ஆசனத்தில் விரித்துவைத்து, புத்தளத்தில் ஏறியதிலிருந்து கரைத்தீவு வரும்வரை மூன்று தரம் வாசித்தார். மூன்று தரமும் அந்த மனிதர் சவூதியில்தான் இருந்தார்.

"கபுருல அடங்கின ஆளுக்கு விசா அடிச்சிக் குடுக்கிற ஏஜென்சி ஒண்டு தொறந்தீக்கிறாங்க போல. நானும் போட்டுப் பாக்கவா தாத்தா?" என்றேன்.

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க ஸப்வான்."

றுமைஸா பதினெட்டு வருடம் நீதிமன்றத்தில் சிங்களத்தைத் தமிழாக்கியும் தமிழைச் சிங்களமாக்கியும் சம்பளம் வாங்கியவர். பிறகு வேலையை விட்டுவிட்டு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போட்டோக்கொப்பிக் கடை போட்டார். பலகையில் 'லெமினேட் செய்யப்படும்' என்று இருக்கிறது. துப்பறியப்படும் என்று இல்லை. ஆனாலும் கொப்பியடிக்க வருகிறவர்கள் தங்களுக்கு விளங்காத கடிதத்தையும் சேர்த்தே கொண்டுவருவார்கள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு போய் எங்காவது ஒரு பொய்யில் முட்டி நிற்பார். என்னைவிட ஆறு வயது மூத்தவர், ஆகவே எங்கள் பேச்சில் தாத்தா, அதாவது அக்கா. நான் அவருடைய சாரதி, குடை பிடிப்பவன், பகிடி விடுபவன்.

பகிடி பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். செப்டம்பரில் என் மனைவி நுஸ்ரா மௌத்தானாள், அடக்கியும் விட்டோம். அதற்குப் பிறகு எனக்கு எதுவும் படுவதில்லை. வெயில் படுவதில்லை, பசி படுவதில்லை, ஆட்கள் ஏசினாலும் படுவதில்லை. பகிடி மட்டும் தன்பாட்டுக்கு வாயில் வருகிறது. ஆட்கள் சிரிக்கிறார்கள், நான் தேறிவிட்டேன் என்று நினைக்கிறார்கள். நானும் திருத்தப் போவதில்லை.

விஷயம் இதுதான். கரைத்தீவில் சித்தி மரியம் என்று ஒருவர். நாற்பத்தெட்டு வயது, இரண்டு கால்களும் சின்ன வயதிலேயே போலியோவில் போனவை. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த குடும்பம். அவருக்கு மாதாமாதம் அரசாங்கம் கொடுக்கும் மாற்றுத்திறனாளி கொடுப்பனவு ஒக்டோபரில் நின்றது. இப்போது டிசம்பர். ஏன் நின்றது என்று ஒருவரும் சொல்லவில்லை. றுமைஸா பிரதேச செயலகக் கந்தோருக்கு எழுதிக் கேட்டு, நேற்றுத்தான் மரியத்தின் கோவையின், அதாவது ஃபைலின், கொப்பியை எடுத்திருந்தார். செப்டம்பர் பதினாலாம் திகதி வீட்டுக்கு வந்து விவரம் எடுத்த அதிகாரி, சிங்களத்தில் ஒரு வரி எழுதியிருந்தார். 'பியா, சவூதி அரேபியா, தொழில் புரிகிறார்.' பியா என்றால் தகப்பன். உழைக்கிற தகப்பன் உள்ள பெண்ணுக்குக் கொடுப்பனவு எதற்கு என்று வெட்டிவிட்டார்கள்.

மேன்முறையீட்டுக்குக் கடைசி நாள் இன்று. கந்தோர் மூன்று மணிக்குப் பூட்டும்.

மரியம் வாசலில் சக்கர நாற்காலியில் இருந்தார். ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் இருந்தார், இடுப்புக்குக் கீழே உள்ள படுக்கைப் புண் அப்படித்தான் இருக்க விடும். மாதாமாதம் அந்தப் புண்ணுக்கு மருந்து கட்ட அவரையும் அவருடைய தம்பி மனைவியையும் கிளினிக்குக்கு ஏற்றிப்போவது நான்தான். மூன்று மாதமாக அவர் என்னைக் கூப்பிடவில்லை. வேறு வண்டி பிடித்துவிட்டார் என்று நினைத்திருந்தேன். வேறு வண்டி இல்லை, கிளினிக்கே இல்லை என்பது இப்போதுதான் தெரிந்தது.

றுமைஸாவுக்கு ஒரு முறை உண்டு. முதலில் கையெழுத்து, பிறகுதான் கதை. மேன்முறையீட்டுப் படிவத்தை நீட்டி ஒப்பம் வாங்கி, மடித்துக் கைப்பைக்குள் போட்டுவிட்டுத்தான் கோவையில் இருந்த வரியைச் சொல்லிக் கேட்டார்.

"உங்கட வாப்பா ஜபார் எங்க ஈக்கிறார்?"

"பள்ளிவாசல்துறை மையவாடில, மண்ணுக்குள்ள. அப்ப நாங்க அங்கதான் முகாம்ல இருந்த. தொண்ணூறுல என்னத் தோள்ல தூக்கிக்கொண்டு வள்ளத்துக்கு ஓடின மனுசன். அவர்ட பேராலயா என்ட சல்லி நிண்டது?"

"மௌத் சேர்ட்டிபிக்கேட் குடுக்கல்லயா?"

"முதல் முதல்ல விண்ணப்பிக்கக்குள்ளயே குடுத்த. பேர்ல ஒரு எழுத்து வித்தியாசமாம். அது வேற ஆளா இரிக்கலாம் எண்டு திருப்பி அனுப்பிட்டாங்க."

"அப்ப ஒரு வழிதான் ஈக்கி. அண்டைக்கு அந்த அதிகாரிக்கு இந்தத் தகவலச் சொன்னவர் வந்து, நான் சொன்னது பிழை எண்டு எழுதிக் குடுக்கணும். கோவையில 'அயலவர்' எண்டு மட்டும் ஈக்கி, பேர் இல்ல. நீங்க கதைக்கல்லயா?"

"எனக்கு அண்டைக்கு நல்ல காய்ச்சல். உள்ள படுத்திருந்த. தம்பி கடலுக்கு, தம்பிட பொஞ்சாதி கடைக்கு. ஆரோ ஐயா ஒருத்தர் வந்து வாசல்லயே கதைச்சிட்டுப் போனார்."

"உங்கட தம்பி யாரச் சந்தேகப்படுறார்?"

மரியம் பக்கத்து வேலியைப் பார்த்தார். "ருஷ்தா எண்டு அங்கால ஒரு ஆள். ஆட்டுப் பிரச்சினை ஒண்டு. அவதான் பெட்டிசம் போட்டிருப்பா எண்டு தம்பி சொல்றான். நான் அப்பிடிச் சொல்லல்ல."

நேரம் பத்தாகிவிட்டது. நான் வண்டிக்குப் பக்கத்தில் நின்று குரல் கொடுத்தேன். "தாத்தா, அங்கயும் ஒருக்கா எட்டிப் பாத்துட்டு வெளிக்கிடுவோம். நேரம் போகுது."

றுமைஸா எழும்பப் போனவர் அப்படியே நின்றார்.

"ஸப்வான், இப்ப என்னய என்னெண்டு கூப்புட்டீங்க?"

"தாத்தா எண்டு. வேற எப்பிடி? மாமி எண்டா நீங்க கடையப் பூட்டிட்டுப் போயிருவீங்க."

"சிங்களத்துல தாத்தா எண்டா?"

"வாப்பா," என்றேன். சொன்ன பிறகு என் வாய் கொஞ்ச நேரம் மூடவில்லை.

"கடுதாசில எழுதக்குள்ளதான் பியா. எந்த மனுசனாவது வாயால பியா எண்டு சொல்லுவானா? அந்த அதிகாரிட காதுல விழுந்தது 'தாத்தா'. அவர் ஒழுங்கா, மரியாதையா, அதப் பியா எண்டு எழுதியீக்கிறார். மரியம், உங்களுக்கு மூத்த சகோதரி ஒருத்தர் ஈக்கிறாவா?"

"இரிக்கிறா. ஸுலைஹா ராத்தா." மரியத்தின் குரல் தாழ்ந்தது. "ரியாத்ல வீட்டு வேலை. ஒரு வருசமா சம்பளமும் குடுக்காம வெச்சிரிக்கிறாங்க. அவக்கு இங்க வேற குடும்பம், வேற வீடு. எங்களோட சேத்தியே இல்ல."

"பாத்தீங்களா? நீங்க ராத்தா எண்டு சொல்றீங்க. மன்னார் ஆக்களுக்கு ராத்தா. தாத்தா எண்டு சொல்றது இந்தப் பக்கத்து ஆக்கள், புத்தளம், கற்பிட்டி. இன்னொண்டும் ஈக்கி. முழுக்கத் தமிழ்ல கதைச்சிருந்தா அந்த அதிகாரி வெளங்காம திருப்பிக் கேட்டிருப்பார். கேக்கல்ல. அப்ப, கதைச்சவர் நல்ல சிங்களத்துல கதைச்சீக்கிறார். ஒரு சொல்லு மட்டும் நம்மட சொல்லா வழுக்கியீக்கி. அதுவும் சிங்களத்துக்குள்ள போய் ஒழுங்காக் குந்திக்கிற சொல்லு."

"புத்தளத்துச் சோனகர், நல்லாச் சிங்களம் பேசுற ஆள்," என்றேன். "அப்பிடிப் பாத்தா ஊர்ல பாதிப் பேர் தாத்தா. என்னையும் சேத்து."

றுமைஸா சிரித்தார். மரியம் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார், உடனே பார்வையை எடுத்துவிட்டார்.

"மரியம், அண்டைக்கு வாசல்ல கதைச்சது ஆரு?"

"நான் ஆரையும் காணல்ல."

"ருஷ்தாவா?"

"நான் ஆரையும் காணல்ல எண்டு சொன்னனே." கையை நீட்டினார். "அந்தக் கடுதாசியத் திருப்பித் தாங்க. எனக்கு மேன்முறையீடு வேணாம். போனது போகட்டும்."

"இவ்வளவு நேரம் வேணுமெண்டீங்க?"

"இப்ப வேணாம்."

றுமைஸா கைப்பையின் வாரைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "ஒப்பம் வெச்சாச்சு. மூணு மணிக்குப் பொறகு வேணாமெண்டு சொல்லுங்க."

வேலியோரம் நடக்கும்போது என் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "இவ யாரையோ காப்பாத்துறா. சல்லியையும் விட்டுட்டு, புண்ணையும் வெச்சிக்கொண்டு."

"அப்ப ருஷ்தாதான். வேலிக்குள்ளயே கள்ளன்," என்றேன்.

ருஷ்தா கற்பிட்டியில் பிறந்தவர். ஐந்து வருடம் சிலாபத்தில் கார்மென்ட்ஸில் வேலை செய்து, சிங்களத்தைத் தண்ணீராகப் பேசுவார். எல்லாம் பொருந்தியது. நாங்கள் கேட்டு முடிப்பதற்குள் அவருடைய முகம் சிவந்துவிட்டது.

"ஆடு முருங்கையக் கடிச்சதுக்கு நான் ஒரு மனுசிட சோத்துல கை வெப்பேனா? மூணு மாசமா அந்தத் தம்பி என்ட வேலியப் பாத்துத் துப்புறார். செப்டம்பர் எத்தினாம் திகதி?"

"பதினாலு."

"நான் இத்தால ஈந்த. என்ட மாப்புள மௌத்தானது ஜூன்ல. நாலு மாசமும் பத்து நாளும் நான் அந்த அறைய விட்டு வெளிய வரல்ல. வெளி ஆம்புளைக்கு மொகமும் காட்டல்ல, கொரலும் குடுக்கல்ல. போய் ஊரெல்லாம் கேளுங்க."

கேட்கத் தேவையில்லை. இத்தாவில் இருக்கிற விதவை வாசலுக்கு வந்து ஒரு அந்நிய அதிகாரியோடு சிங்களம் பேசினாள் என்றால், அந்தக் கதை அன்று பின்னேரமே புத்தளம் மார்க்கெட்டில் விற்றுப்போயிருக்கும். றுமைஸா மன்னிப்புக் கேட்டார். உண்மையாகவே கேட்டார்.

"ஒண்டு மட்டும் காதுல விழுந்தது," என்றார் ருஷ்தா, கோபம் கொஞ்சம் இறங்கிய பிறகு. "அந்த ஐயா த்ரீவீல்லதான் வந்த. எஞ்சின நிப்பாட்டவே இல்ல. கதைச்சது ட்ரைவர். அந்தச் சத்தத்துல என்ன கதைச்சான், ஆர் எண்டு எனக்கு வெளங்கல்ல. எனக்கும் அந்த வாசலுக்கும் நடுவுல வேலி ஈக்கி. மரியம் தாத்தா அந்த வாசலுக்கு உள்ளதான் படுத்தீந்திருப்பா."

வண்டியை எடுத்தேன். விவரம் எடுத்த அதிகாரி நிரோசன் இன்று கனமூலையில் நிற்பதாகத் தகவல். மதுரங்குளிக்குப் பக்கம். போய் வரச் சரியாக நேரம் இருந்தது.

"த்ரீவீல் ட்ரைவர்," என்றேன். "இந்தக் கரையில முந்நூறு பேராவது ஈப்போம். ஒவ்வொருத்தனா நிப்பாட்டிச் சிங்களத்துல வாப்பாவ விசாரிக்க வேண்டியதுதான்."

வழமையாகப் பதில் வரும். கண்ணாடியில் பார்த்தேன். றுமைஸா என் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செப்டம்பர் பதினாலு நீங்க எங்க ஓடினீங்க ஸப்வான்?"

"தெரியாது."

"கொஞ்சம் யோசிங்க."

"யோசிக்க ஒண்டுமில்ல தாத்தா. நுஸ்ரா ஆறாம் திகதி. அதுக்குப் பொறகு ஒக்டோபர் நடுவு வரைக்கும் என்ட மண்டைல ஒண்டுமே இல்ல. வண்டி ஓடினேனாம். ஆக்கள் சொன்னாங்க."

றுமைஸா கோவையின் கொப்பியை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். பாலாவியைத் தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நான் ஒரு பகிடி யோசித்தேன், வந்தது, ஆனால் சொல்லவில்லை.

நிரோசன் கனமூலையில் ஒரு கடை வாசலில், மடியில் கோவைகளோடு பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். முப்பது வயது இருக்கும். சிலாபத்துப் பக்கத்து ஆள். அவர்களுடைய வீட்டில் ஒரு காலத்தில் தமிழ்தானாம், இவருக்குச் சிங்களம்தான் வரும். ஆனாலும் எங்களோடு விடாப்பிடியாகத் தமிழ் பேசினார். றுமைஸா விஷயத்தை விளக்க விளக்க அவருடைய பிளேன்டீ ஆறியது.

"அக்காவா?" என்றார். "அந்த தாத்தா, அக்காவா? ஐயோ. நான் வேணும் எண்டு எழுதல்ல மிஸ். அவர் நல்ல சிங்களத்துல சொன்னார். அதுல ஒரு பிழையும் இல்ல."

"பிழை இல்லாததுதான் பிழை. அந்த ட்ரைவர் ஆரு? மொகம் ஞாபகம் ஈக்கா?"

"முகம் பாக்கல்ல. அவர் திரும்பவே இல்ல. முன்னால பாத்துக்கொண்டே கதைச்சார். டவுன்ல நிண்டு கை காட்டினேன், ஏத்தினார். ஒரு நாள் முழுக்க ஓடினார், ரெண்டு தரம் வழிய மறந்தார்."

"வேற ஏதாவது?"

நிரோசன் யோசித்தார். "வைப்பர்."

"என்ன வைப்பர்?"

"மழை இல்ல மிஸ். நல்ல வெயில். ஆனா வைப்பர் ஓடிக்கொண்டே இருந்தது, காலைல இருந்து. கண்ணாடி கிரீச் கிரீச் எண்டு. நான் சொன்னேன், 'வைபர் எக்க துவனவா' எண்டு. அவர் சொன்னார்..."

"துவன்ன தென்ன," என்றேன் நான்.

ஓடட்டும் விடுங்க. அந்த ஒன்றரை மாதத்தில் எனக்கு ஞாபகமிருந்தது அது ஒன்றுதான். பின்னாலிருந்து ஒரு சிங்களக் குரல் வைப்பர் ஓடுகிறது என்று சொன்னது. நான் ஓடட்டும் என்று சொன்னேன். அது எந்த நாள், யாருடைய குரல், எங்கே போனோம் என்று ஒன்றும் தெரியாமல், அந்த இரண்டு வசனமும் மட்டும் என்னிடம் தங்கியிருந்தன.

நிரோசன் கிளாஸை வைத்துவிட்டு என்னை முதல் தரமாகச் சரியாகப் பார்த்தார். "ஒயா நேத?" நீங்கள்தானே என்றார்.

"நான்தான்."

"நீங்க சொன்னீங்க, இந்த வீட்ட எனக்குத் தெரியும், கிளினிக்குக்கு ஏத்திட்டுப் போறது நான்தான் எண்டு. அதுதான் நான் நம்பினேன்."

"என்ன சொன்னேன் எண்டு ஒருக்கா அப்பிடியே சொல்லுங்க."

"எயாகே தாத்தா சௌதியே."

அவருடைய தகப்பன் சவூதியில். ஒரு எழுத்துப் பிசகில்லாத சிங்களம். பள்ளிக்கூடத்தில் மாஸ்டர் கேட்டிருந்தால் சரி போட்டிருப்பார். சிங்களத்தில் அக்கா என்று சொல்ல எனக்குப் பத்து வயதிலிருந்தே தெரியும். அன்றைக்கு என் வாயைப் பார்க்க ஆளில்லாமல் இருந்திருக்கிறது.

வெட்கம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கோபமும் வரவில்லை. மரியம் மூன்று மாதம் மருந்து கட்டாமல் சாய்ந்து இருந்தது என்னால்தான் என்று எனக்குள்ளே சொல்லிப் பார்த்தேன். அது யாரோ யாருக்கோ செய்தது மாதிரி இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பயம் மட்டும் உண்மையாக வந்தது.

"உதவியாளே கள்ளனா வாறது," என்றேன், "துப்பறியிற கதைல சட்டப்படி பிழை தாத்தா."

"வண்டியில ஏறுங்க," என்றார் றுமைஸா. "ரெண்டு மணிக்கு முன்னாடி பாலாவியத் தாண்டணும்."

கந்தோருக்குள் ஓடும்போது மூன்றுக்கு இருபது நிமிடம். மேசையில் ஃபஹ்மியா என்று ஒரு உத்தியோகத்தர், நல்ல பொறுமைசாலி, றுமைஸா சொன்ன கதை முழுவதையும் கேட்டார். திருத்தப் படிவத்தை எடுத்துத் தந்து, "தமிழ்லயே எழுதுங்க," என்றார். பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம். பிழையான தகவல் எது, சரியான தகவல் எது. சவூதியில் இருப்பது அவருடைய தாத்தா என்று எழுதத் தொடங்கினேன்.

ஃபஹ்மியா பேனையைப் பிடித்தார். "திரும்பவுமா? மூத்த சகோதரி எண்டு எழுதுங்க, ஸப்வான் நானா. அல்லாவுக்காக."

கடைசியில் ஒரு சின்னக் கட்டம். 'பிழையான தகவல் வழங்கப்பட்டமைக்கான காரணம்.' கவலையீனம் என்று எழுதிவிட்டுப் படிவத்தை நீட்டினேன். றுமைஸா அதைத் தடுத்து, அந்தச் சொல்லுக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"இப்பிடிக் குடுத்தா, அண்டைக்குக் காசு வாங்கிக்கொண்டு மாத்திச் சொன்னான், இண்டைக்குக் காசு வாங்கிக்கொண்டு திருத்துறான் எண்டு நெனப்பாங்க. இதத் தூக்கி எறிஞ்சா மரியத்துக்கு இன்னொரு வழி இல்ல. உள்ளத எழுதுங்க."

"உள்ளது என்ன?"

"உங்களுக்குத் தெரியும்."

சுவர் மணிக்கூட்டில் மூன்றுக்குப் பன்னிரண்டு நிமிடம். மூன்று மாதமாக நான் அதை எங்கேயும் எழுதவில்லை. மரணப் பதிவுக்குக்கூட மைத்துனர்தான் போனார். யாரிடமும் முழுசாகச் சொன்னதும் இல்லை. பேனை இரண்டு தரம் கட்டத்துக்கு மேலே போய் நின்றது. பிறகு எழுதினேன்.

'அன்று என் மனைவி நுஸ்ரா மௌத்தாகி எட்டாம் நாள். வீட்டில் இருக்க முடியாமல் வண்டியை எடுத்தேன். என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை. மரியத்தின் தகப்பன் உயிரோடு இல்லை. அவரைப் போல மரியத்தைத் தூக்கிப்போக வேறு யாரும் இல்லை.'

கட்டத்துக்குள் அடங்கவில்லை, ஓரத்தால் வளைந்து போனது. ஃபஹ்மியா வாசித்தார். நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை, அதற்கு நான் நன்றியாக இருந்தேன். முத்திரையை எடுத்துக் குத்தி, திகதி போட்டு, மேன்முறையீட்டோடு சேர்த்துக் கட்டினார்.

"மேலிடத்துக்குப் போகும். சொன்னவரே வந்து திருத்தினா அவங்க சாதாரணமாத் தட்ட மாட்டாங்க. நிண்ட மூணு மாசத்துக்கு வேற படிவம் ஈக்கி, அதையும் நாளைக்குக் கொண்டாங்க."

கரைத்தீவுக்குத் திரும்பும்போது பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்திருந்தது. நான் மரியத்தின் வாசலுக்கு முன்னால் நிறுத்தினேன். றுமைஸா இறங்கவில்லை. கடுதாசிகளை அடுக்குவது போலப் பாவனை செய்தார்.

"நீங்க போங்க," என்றார்.

மரியம் காலையில் இருந்த இடத்திலேயே இருந்தார். இப்போது மற்றப் பக்கமாகச் சாய்ந்திருந்தார்.

"குடுத்திட்டீங்களா?"

"ஓம்."

"சொன்னது ஆர் எண்டு எழுதின?"

"நான்தான் மரியம் தாத்தா. நான்தான் சொன்னது. மன்னிச்சிருங்க." இதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். இருந்தும் நாக்கு தடக்கியது.

"தெரியும் தம்பி."

அவர் பக்கத்துச் சுவரைக் கையால் தட்டிக் காட்டினார்.

"அண்டைக்கு உங்கட கொரல் கேட்டது. இந்தச் சுவருக்கு உள்ளதானே நான் படுத்திருந்த. ராத்தாவப் பத்தித்தான் சொல்றீங்க எண்டு நெனச்சன், அதுல என்ன பிழை? இண்டைக்குக் காலைல அவ விளங்கப்படுத்தக்குள்ளதான் எனக்கும் வெளங்கிச்சி."

"ஆரையும் காணல்ல எண்டு சொன்னீங்க."

"காணல்லதானே."

"கடுதாசியையும் திருப்பிக் கேட்டீங்க. சல்லி வராம நிண்டிருக்கும். அந்தப் புண்ணோட எவ்வளவு நாளைக்கு?"

"மூணு மாசம் நிண்டது, நான் இரிக்கிறன்தானே. உங்களப் பாக்கக்குள்ளதான் எனக்குப் பயம். எப்ப பாத்தாலும் பகிடி. அந்தக் கெழம என்ன செஞ்சீங்க எண்டு ஆக்கள் தோண்டித் தோண்டிக் கேட்டா, நீங்க என்ன ஆவீங்களோ எண்டு எனக்குத் தெரியல்ல. அதான்."

பதிலுக்கு ஒரு பகிடி தேடினேன். உண்மையாகவே தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்று மாதத்தில் முதல் தரமாக எனக்கு வலித்தது. நல்லாகவே வலித்தது.

"கிளினிக் திங்கக்கிழமை," என்றேன். "எட்டு மணிக்கு வாறேன். கூலி கீலி எண்டு கதைக்கப்படாது."

"சரி." அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் உருட்டி, வாசற்படியில் எனக்கு இடம் விட்டார். "தம்பி, நுஸ்ராக்கு என்ன நடந்தது? எனக்கு ஒருத்தரும் ஒழுங்காச் சொல்லல்ல. நானும் கேக்கல்ல."

நான் திரும்பிப் பார்த்தேன். றுமைஸா இன்னும் கடுதாசி அடுக்கிக்கொண்டிருந்தார், அவருக்கு அவசரம் ஒன்றும் இருக்கவில்லை. நான் படியில் குந்தினேன்.

"முதல்ல வெறும் காய்ச்சல் எண்டுதான் நெனச்சோம்," என்றேன்.